தெருவைத் தாண்டிப் போன கிளை

நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு ரயில் நிற்கிற ஊர் ஒன்று தென்காசிப் பக்கம் இருக்கிறது. அந்த ஊரில் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் வீடுகளெல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல ஒட்டிக்கொண்டு நிற்கும். அதில் மேலக்கோடி வீடு உலகம்மாளுடையது. உக்ரைன் தேசத்துக்கு டாக்டருக்குப் படிக்கப் போன அவள் மகன் நாயகம், படிப்பை முடித்துக்கொண்டு திரும்பும்போது சொலோமியா என்கிற பெண்ணையும் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தான். சொலோமியா என்கிற பெயர் தெருவில் ஒருத்தர் வாயிலும் முழுசாக நிற்கவில்லை. பால்காரர் முதலில் சோலை என்றார், பிறகு எல்லோருக்கும் அவள் சோலைதான், அவளும் சோலை என்று கூப்பிட்டால் ஏன் என்று திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

நாயகத்துக்குத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். மற்ற நாளெல்லாம் மாமியாரும் மருமகளும்தான். சோலைக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவளுடைய அம்மா மோத்ரியா அங்கே ஓர் அகலமான ஆற்றங்கரைக் கிராமத்தில் தனியாக இருந்தாள், சண்டை அந்தக் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு அவளிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. போன் அடித்தால் யாரோ ஒரு பெண்குரல், அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடும். அது அம்மா குரல் இல்லை, கம்பெனிக் குரல். ஆனாலும் சோலை தினமும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்வாள், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள்.

உலகம்மாள் அதிர்ந்து பேசத் தெரியாதவள். காலையில் விளக்கேற்றி, தன் பெயருக்குரிய அம்மனையே நினைத்துக் கும்பிட்டு, தனக்கென்று ஒன்றும் கேட்காமல் எழுந்து வருகிறவள். இப்போது மட்டும் கேட்டாள். "அம்மா, அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை போய்ச் சேரணும். மக மாசமா இருக்கான்னு அவளுக்குத் தெரியணும். அதுக்கு மேல உன்ன நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

வளைகாப்பு எப்போது என்று தெருப் பெண்கள் கேட்டார்கள்.

"தாய்க்குச் சொல்லாம பிள்ளைக்கு வளையல் அடுக்கவா? சொல்லிட்டு வைப்போம்," என்றாள் உலகம்மாள்.

"எப்படிச் சொல்லுவிய? போன்தான் போகலையே. நான் தாய் ஸ்தானத்துல நிக்கேன்க்கா, சட்டுனு வச்சு முடிங்க," என்றாள் பக்கத்து வீட்டு மைதீன் பாத்து, ரவிக்கை தைக்கிறவள்.

உலகம்மாள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம், அதற்கு மேல் மலையைப் புரட்டினாலும் அவளைப் புரட்ட முடியாது.

சோலை ஊரில் வசந்தகாலப் பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்து, அந்த வெள்ளையில் பெண்கள் ஒரு மரம் வரைவார்களாம். அம்மாவிடமிருந்து போன் வரட்டும், கேட்டுக்கொண்டு வரைகிறேன் என்று காத்திருந்து பங்குனி போய்ச் சித்திரை போய் வைகாசியும் போய்விட்டது. ஆனி பிறந்து காற்று வீச ஆரம்பித்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் எழுந்து, "அத்தை, முட்டை வேணும். பூனை முடி வேணும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் முட்டையை அனுமதிக்காத உலகம்மாள் தானே கடைக்குப் போய் வாங்கிவந்து, வாசலுக்கு வெளியே உடைத்துக் கொடுத்தாள். பூனை மைதீன் பாத்துவினுடையது. முதுகில் ஒரு கொத்து முடியைக் கத்தரிக்க விட்டுவிட்டு, அது நாளெல்லாம் சோலையை முறைத்துக்கொண்டே திரிந்தது. மஞ்சள்கருவில் பீட்ரூட் சாறும் மஞ்சள்பொடியும் கீரைச் சாறும் துணிக்குப் போடுகிற நீலமும் குழைத்து, பூனைமுடித் தூரிகையால் தெருச்சுவரில் சோலை வரைந்தாள். கீழே ஒரு பானை, பானையிலிருந்து நேராக எழும்பும் தண்டு, இந்தப் பக்கம் எத்தனை கிளையோ அந்தப் பக்கமும் அத்தனை, இந்தப் பக்கம் ஒரு பறவை என்றால் அதன் முகத்தைப் பார்த்து அந்தப் பக்கமும் ஒரு பறவை, உச்சியில் தட்டு அகலத்துக்கு ஒரு பூ.

"இது உயிர் மரம் அத்தை. துண்டுல தைப்போம், முட்டை ஓட்டுல எழுதுவோம், சுவர்ல போடுவோம். பானை, அது செத்துப்போன பெரியவங்க. தண்டு, அது நாம. மேலே பூ…" என்று சொல்லி, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

உலகம்மாள் தள்ளி நின்று பார்த்தாள். ஒரு குறை இல்லை. ஒரு குறையும் இல்லாதது கண்ணேறு படாமல் தப்பாது என்பது அவள் பிள்ளை வளர்த்த நாளிலிருந்து கண்ட பழக்கம், தலைவாரிப் பவுடர் போட்ட குழந்தையைக் கன்னத்தில் ஒரு பொட்டு வைக்காமல் எந்தத் தாயும் வெளியே தூக்கிப் போகமாட்டாள். அதனால் சோலை கை கழுவப் போன நேரத்தில் கண்மைச் சிமிழைத் திறந்து, மரத்தின் தண்டில் வலப்பக்கமாக, கன்னம் இருந்தால் இங்கேதான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில், விரலால் ஒரு கரும்புள்ளி வைத்தாள்.

மறுநாள் காலையில் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கிளை கிளம்பியிருந்தது.

சோலைக்கு அழுகை வந்துவிட்டது. "யார் போட்டது அத்தை? ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். மேலேதான் போகணும். இது பக்கவாட்டுல போகுது. எங்க ஊர்ல இப்படி ஒரு மரம் கிடையாது."

"நான் மைதான் வச்சேன் தாயி. கிளை நான் போடல," என்றாள் உலகம்மாள். இருவரும் நின்று பார்க்கும்போதே கிளையின் நுனியில் ஓர் இலை, ஈரம் உறிஞ்சிய காகிதத்தில் மசி பரவுகிற மாதிரி நிதானமாகப் பரவி முழு இலையானது. உலகம்மாள் அதைக் கும்பிட்டுவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று உள்ளே போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் கிளை ஒட்டுச்சுவரைத் தாண்டி மைதீன் பாத்து வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. அங்கே இலைகளுக்கெல்லாம் ஓரத்தில் பொடிப் பொடியாகத் தையல் விழுந்தது. "என் ஓரடிப்பு மாதிரியே இருக்குக்கா," என்று அவள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து தடவிப் பார்த்தாள். அடுத்தது பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்ட வீடு, அங்கே இரண்டு பறவைகள் முதுகைக் காட்டிக்கொண்டு முளைத்தன. தெருவே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போக, வெட்கம் தாளாமல் தம்பி அண்ணனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தனுப்பினான். பறவைகள் முழுசாகத் திரும்பவில்லை, கழுத்தை மட்டும் கொஞ்சம் திருப்பின. கட்சிக்காரர்கள் பெயர் எழுதிப் பிடித்துவைத்திருந்த சுவரில் கிளை எழுத்துகளுக்குக் கீழே குனிந்து போயிற்று. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டின இடத்தில் இறந்தவர் முகத்தை மறைக்காமல் சுற்றிப்போய், அவர் மீசைக்குப் பக்கத்தில் ஒரு மொக்கு விட்டது. அவர் மனைவி அன்று முழுக்க அந்தச் சுவரடியிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

கிளைக்குச் சுவர் வேண்டும், காற்றில் போக முடியாது. ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு நடுவே அங்கங்கே முடுக்கு வந்தால் நுனி விளிம்பில் நின்று தவிக்கும். முதல் முடுக்கில் டீக்கடை சுடலைமுத்து தன் வேட்டியை அவிழ்த்துக் குறுக்கே கட்டினான், உள்ளே டிரவுசர் போட்டிருந்தான் என்பதைப் பெண்கள் பிறகுதான் கவனித்தார்கள். அதற்குப் பிறகு எந்த முடுக்கு வந்தாலும் அந்த வீட்டார் பாயோ கதவுப் பலகையோ கொண்டுவந்து தயாராக வைத்துவிடுவார்கள். நுனி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுப்பது என்று யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் கூட நேரம் நின்றது, உங்கள் வீட்டில் ஓடிப்போய்விட்டது என்று குழாயடியில் பேச்சு நடந்தது. யார் அனுமதி கொடுத்தது என்று கேட்க வந்த பஞ்சாயத்து ஆள், இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, இது எங்கள் தெருவுக்கு எப்போது திரும்பும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அது திரும்பாது. ஸ்டேஷனுக்குப் போகுது, அங்கருந்து வடக்கே. அவ அம்மைக்குச் சொல்லப் போகுது," என்றாள் உலகம்மாள்.

சொன்ன பிறகு எல்லோருக்கும் அது முதலிலேயே தெரிந்திருந்த மாதிரி இருந்தது. சோலை மட்டும் அன்று தட்டில் போட்ட சோற்றை முழுதும் சாப்பிட்டாள்.

தெருவின் கீழக்கோடியில், ஸ்டேஷன் மதிலுக்கு முந்தின வீடு ஆவுடையம்மாளுடையது. உலகம்மாளுக்கு நாத்தனார், புருஷனுடைய மூத்த அக்காள். தம்பி செத்த பிறகு தம்பி மகனுக்குத் தான் பார்த்து வைத்த பெண் இருக்க, அவன் கண்காணாத தேசத்திலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்தான் என்று கல்யாண விருந்துக்கு வராமல், அன்றிலிருந்து உலகம்மாள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு பயந்து அவள் வீட்டுச் சுவர் முழுக்க வழவழவென்று டைல்ஸ் பதித்திருந்தாள். அந்த டைல்ஸில் கிளையின் நுனி இரண்டு முறை ஏறப் பார்த்தது, இரண்டு முறையும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு கீழே வந்தது. எதிர்ச்சாரியில் குளம், போக வேறு வழி இல்லை. பெண்கள் போர்வையை விரித்துப் பிடித்தார்கள். ஆனிக் காற்று போர்வையைப் பிய்த்துக்கொண்டு போக, படபடக்கிற துணியில் கால் வைக்க நுனிக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் நுனி இலை பழுத்திருந்தது. அதற்கடுத்த நாள் பழுப்பு பின்னோக்கி நடந்து இரண்டு வீடு தாண்டிவிட்டது. இது இப்படியே பானை வரைக்கும் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சோலை தட்டைத் தொடாமல் எழுந்தாள்.

உலகம்மாள் குளித்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு, ஆவுடையம்மாள் வீட்டு கேட்டைத் தட்டினாள்.

"மதினி, ரெண்டு ஆணி மட்டும் அடிச்சுக்கிடட்டா? பலகை ஒண்ணு நிறுத்தணும்."

"ஆணியா? டைல்ஸ் உடைஞ்சா உன் மருமக அவ ஊர்லருந்து கொண்டாந்து ஒட்டுவாளா?" கேட் திறக்கவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. "அவ கிறுக்கினது என் வீட்டு மேல ஏறணுமாக்கும். சொவத்துக்கு வெளிய என்ன வேணா செய்யி. என் சொவத்தத் தொடாத."

"தொடல மதினி."

தொடாமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளை வந்து நின்றுபோன இடத்தில் தோளை முந்தின வீட்டுச் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டு உலகம்மாள் நின்றாள். கட்டியிருந்தது பழைய சந்தன நிறப் புடவை. ஆள் உள்ளே இருக்கிற துணியைக் காற்று ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் ஈரத்துணி பட்டது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் பழுத்த நுனிக்குப் பக்கத்திலிருந்து பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்து, புடவை மேல் கால் வைத்து, மார்பைக் கடந்து மறு தோளுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டாள்.

"பாத்து," என்று உதடு அசையாமல் கூப்பிட்டாள். "வா. என் தோளோட ஒட்டி நில்லு. அசையாத."

மைதீன் பாத்து தன் வெள்ளைத் துப்பட்டியோடு வந்து நின்றாள். அடுத்து கண்ணீர் அஞ்சலிக்காரர் மனைவி. அடுத்து அண்ணன் பெண்டாட்டி, அவளை ஒட்டித் தம்பி பெண்டாட்டி, பாகம் பிரித்த நாளிலிருந்து இத்தனை நெருக்கத்தில் அவர்கள் நின்றதில்லை. "இடிக்காதட்டி." "நீ மொதல்ல மூச்ச உள்ள இழு, எடம் கெடைக்கும்." வேலைக்குப் போனவர்கள் போக வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள், கடைசியில் சுடலைமுத்து பனியனோடு வந்து நின்றான். அப்படியும் ஸ்டேஷன் மதிலுக்கு ஓர் ஆள் அகலம் குறைந்தது. வெயில் ஏறிற்று. கிளை ஒவ்வொருவர் மேலாகக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் கூட்ஸ் வண்டி கத்தியது.

நிழலில் உட்கார வைத்திருந்த சோலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "நான் நிக்கிறேன்."

"உக்காரு!" என்றாள் உலகம்மாள். அவள் சத்தம் போட்டுத் தெரு கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அதே மூச்சில், தலையைத் திருப்பாமலே, மூடின கேட்டைப் பார்த்துப் பேசினாள். "மதினி, நாயகம் என் வயித்துல தங்குனப்போ எங்க அம்மைகிட்டச் சொல்ல யாரு போனா? ஆறு பெருகி பஸ் நின்னுபோச்சு, வரப்பு வழியா நடந்து நீங்கதானே போனிய. கால்ல முள்ளோட போய் நின்னு, 'ஒங்க மக மாசமா இருக்கா'ன்னு நீங்கதானே சொன்னிய. அத எங்க அம்மை சாகுற வரைக்கும் சொல்லுவா. இந்தப் பிள்ளைக்குப் போக ஆள் இல்ல மதினி. அதான் இது போகுது."

கூட்ஸ் வண்டி இன்னொரு முறை கத்தியது. கிளை சுடலைமுத்துவின் பனியன் கையோரத்தில் வந்து நின்று, எட்டிப் பார்த்து, இலையைச் சுருட்டியது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"நிக்கிறான் பாரு, நனைஞ்ச கோழி கணக்கா. முதுக நிமித்துல," என்று சொல்லிக்கொண்டே ஆவுடையம்மாள் வந்து, சுடலைமுத்துவை ஓர் இடி இடித்து நேராக நிறுத்தி, தன் தோளை அவன் தோளோடும் மறு தோளை ஸ்டேஷன் மதிலோடும் பொருத்திக்கொண்டு நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. கிளை அவள் மேல் ஏறினபோது மட்டும், "குளுருதே," என்றாள் மெதுவாக.

மதிலுக்குப் போன கிளை மதில் ஓட்டை வழியாகப் பிளாட்பாரத்துக்குப் போய், அதற்குள் வந்து நின்றிருந்த கூட்ஸ் வண்டியின் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. வண்டி நகர்ந்தபோது ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் கிளை ஒடிந்து, நுனி நாலைந்து இலையோடு வடக்கே போயிற்று. சோலை முகத்தை மூடிக்கொண்டாள்.

"எதுக்கு அழுத? முருங்கையை ஒடிச்சுத்தான நடுறோம்? போன இடத்துல தழைக்கும்," என்றாள் உலகம்மாள். "சொல்லி அனுப்பியாச்சு. இனி வளையல் வாங்கலாம்."

அன்று புடவையில் படிந்த கிளை யாருக்கும் துவைத்தும் போகவில்லை, யாரும் அதற்காக வருத்தப்படவுமில்லை.

ஆடி பிறக்குமுன்னே நல்ல நாள் பார்த்தார்கள். நாயகம் லீவு போட்டு வந்திருந்தான். தாய்வீட்டுச் சீராகப் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கல்கண்டுச் சாதமும் கிண்டிக்கொண்டு ஆவுடையம்மாளே தலைச்சுமையாக வந்து இறக்கினாள். "பெத்தவ வர்ற வரைக்கும் நான்தான்," என்றாள், யாரோ மறுத்துப் பேசின மாதிரி. சோலையை மணையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் தட்டை எடுத்தபோது அவள் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை. "அத்தை, கொஞ்சம்," என்றாள். "கொஞ்சம் பொறுங்க." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உலகம்மாள் தட்டைப் பிடித்தபடி பொறுத்தாள். அந்த நேரத்தில் கீழக்கோடியிலிருந்து சுடலைமுத்து கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"பழம்! மதில்ல பழம் வச்சிருக்கு!"

ஒடிந்த இடத்திலிருந்து பின்னோக்கி, கிளை போன வழியே, இலைக்கு இலை பக்கத்தில் ஒரு சிவப்புப் பழம் தோன்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிவப்பு அந்த ஊரில் எந்தக் காயிலும் கனியிலும் இல்லாத சிவப்பு. மதில் முடிந்து டைல்ஸ் வீட்டருகே அது நின்றதும் பெண்கள் ஓடினார்கள், அவரவர் அந்தப் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். "நீ எனக்கு வலப்பக்கம் நின்ன." "இல்ல, பாத்துதான் அங்க." முதல் ஆளாக மதிலோரம் போய் நின்றவள் ஆவுடையம்மாள். பழம் அவள் மேலேறி, பனியன் மேலேறி, ஓரகத்திகள் இருவர் மேலேறி, வரிசையைக் கடந்து சுவருக்குப் போனது. ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அந்த வீட்டுக் குரல் அடுத்த வீட்டுக்குச் சொன்னது: "எங்களத் தாண்டிட்டு! வருது, வருது!"

சோலை சந்தனக் கன்னத்தோடு எழுந்து தெருச்சுவரருகே வந்து நின்றாள். கிளை மரத்தோடு சேருகிற இடத்தில் கடைசியாக ஒரு பழம் மெல்லச் சிவந்தது. அவள் குனிந்து அதன்மேல் மூச்சுப்படப் பார்த்தாள்.

"பழத்தை நாங்க தூரிகையால போட மாட்டோம் அத்தை," என்றாள். "விரல் நுனியால ஒத்தி வைப்போம். எங்க அம்மா விரல்ல ஒரு வெட்டு. அரிவாள் பட்டது. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பழத்தின் நடுவே, தலைமுடி கனத்துக்கு, சாய்வாக, சாயம் படாத வெள்ளைக்கோடு ஒன்று இருந்தது. முந்தின பழத்தில் பார்த்தார்கள், அதிலும் இருந்தது. மைதீன் பாத்து தன் துப்பட்டியை விரித்துப் பார்த்தாள், இருந்தது.

சோலை தன் விரலை அந்தப் பழத்தின் மேல் வைத்து எடுத்தாள். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஈரம் அத்தை. இன்னும் காயலை."

மணையில் போய் அவளே உட்கார்ந்தாள். சிவந்த விரலோடு இரண்டு கைகளையும் உலகம்மாளுக்கு முன்னால் நீட்டினாள்.

"போடுங்க," என்றாள்.